ஹார்ட்லியால் வந்த வினை

கேள்வி இதுதான்: "ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய மெயிலில் 'ஐ ஸ்ட்ராங்லி அப்பாலஜைஸ்' என்று போட்டிருந்தேன். மேலாளர் 'ஸ்ட்ராங்லி'யை அடித்துவிட்டு 'சின்சியர்லி' என்று மாற்றினார். அதே மெயிலில் 'ஐ ஸ்ட்ராங்லி ரெகமெண்ட்' என்றிருந்ததை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். எந்த வினையோடு எந்த வினையடை சேரும் என்பதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை எல்லாமே மனப்பாடம்தானா?"

பதில் உங்களுக்கே தெரியும். என்ன, தமிழில் தெரியும். கட்சி அறிக்கைகளைப் பாருங்கள்: 'வன்மையாகக் கண்டிக்கிறோம்.' வேறு எப்படியும் கண்டிக்க மாட்டார்கள். அதே தலைவர் 'வன்மையாக மன்னிப்புக் கேட்கிறேன்' என்று அறிக்கை விட்டால், மறுநாள் மீம் போட்டே ஆளைக் காலி செய்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வினை சரி, வினையடை சரி, ஒற்று கூடச் சரி. ஆனாலும் காதில் உறுத்துகிறது. மன்னிப்பு என்றால் மனமாரக் கேட்க வேண்டும். உங்கள் 'ஸ்ட்ராங்லி அப்பாலஜைஸ்' ஆங்கிலக் காதில் விழுவதும் இப்படித்தான்.

பள்ளியில் மரபு என்று ஒரு பாடம் வரும், நினைவிருக்கிறதா? மயில் அகவும், குயில் கூவும், யானை பிளிறும். கூடை முடைய வேண்டும், பூப் பறிக்க வேண்டும், அம்பு எய்ய வேண்டும். 'கூடை கட்டினான்' என்று எழுதினால் மரபுப் பிழை என்று மதிப்பெண் போய்விடும். ஏன் அப்படி என்று கேட்டால் நன்னூலைக் காட்டுவார்கள்: 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.' பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள், நீயும் அப்படியே சொல், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதைக் கொலோகேஷன் என்கிறார்கள். டோக்கியோவில் இருந்த ஹெரால்ட் பால்மர் என்ற ஆங்கில ஆசிரியர், வேற்றுமொழிக்காரர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்று கண்டு, 1933-இல் இப்படிப்பட்ட சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கையே வெளியிட்டார். ஒரு சொல்லை அது யாரோடு சேர்கிறது என்பதை வைத்து அறிந்துகொள்ளலாம் என்று லண்டன் பேராசிரியர் ஜே. ஆர். ஃபர்த் எழுதியது 1957-இல். நம் ஊரில் ஆளைப் பற்றிச் சொல்வதை அவர் சொல்லைப் பற்றிச் சொன்னார்.

ஆனால் 'மரபு' என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் அது பதில் ஆகாது. பல சேர்க்கைகளுக்குள் ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் தோண்டினால் தெரியும்.

முதலில் 'ஸ்ட்ராங்லி'யையே எடுத்துக்கொள்வோம். இது எந்த வினைகளோடு வருகிறது? ரெகமெண்ட், அட்வைஸ், அர்ஜ், சப்போர்ட், அப்போஸ், அப்ஜெக்ட், கண்டெம், பிலீவ், டினை. பரிந்துரை, அறிவுரை, ஆதரவு, எதிர்ப்பு, கண்டனம், மறுப்பு. எல்லாமே ஒரு பக்கம் நின்றுகொண்டு தள்ளுகிற வேலைகள். தள்ளுவதற்குப் பலம் வேண்டும், ஆகவே 'ஸ்ட்ராங்லி' பொருந்துகிறது. மன்னிப்புக் கேட்பது தள்ளுகிற வேலை இல்லை, இறங்கி வருகிற வேலை. அங்கே யாரும் பலத்தை அளப்பதில்லை. உண்மையா நடிப்பா என்றுதான் பார்ப்பார்கள். அதனால்தான் அங்கே 'சின்சியர்லி' வருகிறது. மேலாளருக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. காது சொல்லியிருக்கும்.

'ஹெவிலி' இன்னும் சுவையானது. 'இட் ரெயின்ட் ஹெவிலி' என்றால் மழை கொட்டியது. சரி, மழைக்குக் கனம் உண்டு, நாமே கனமழை என்கிறோம். 'ஹி ஸ்மோக்ஸ் ஹெவிலி' என்றால் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். 'டிரிங்க் ஹெவிலி' என்றால் மொடாக் குடி. 'பாரோ ஹெவிலி' என்றால் கழுத்து வரை கடன். 'ரிலை ஹெவிலி', 'டிபெண்ட் ஹெவிலி' என்றால் முழுப் பாரத்தையும் ஒருவர் மேல் சாய்த்துவிடுவது. எல்லாவற்றிலும் அளவு இருக்கிறது, பாரம் இருக்கிறது. அதனால் 'ஈட் ஹெவிலி' என்றால் கூடப் புரிந்துகொள்வார்கள். ஆனால் 'ஐ லவ் யூ ஹெவிலி' என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பெண் எடை மெஷினைத் தேடுவாள். அன்புக்கு ஆங்கிலத்தில் ஆழம்தான் அளவு: 'டீப்லி'. 'லவ் டீப்லி', 'கேர் டீப்லி', 'ரிக்ரெட் டீப்லி'. நமக்கும் இரங்கல் என்றால் அது ஆழ்ந்த இரங்கல்தான். இந்த விஷயத்தில் இரண்டு மொழிகளும் ஒரே கிணற்றில் இறங்கியிருக்கின்றன.

'பேட்லி' என்ற சொல்தான் நம்மவர்களை ரொம்பக் குழப்புகிறது. 'ஐ பேட்லி நீட் எ ஹாலிடே' என்றால் கெட்ட விதத்தில் விடுமுறை வேண்டும் என்று பொருளில்லை, விடுமுறை இல்லாமல் முடியவே முடியாது என்று பொருள். 'பேட்லி வாண்ட்'டும் அப்படியே. தமிழில் 'பயங்கரமாகப் பசிக்கிறது', 'கன்னாபின்னாவென்று பிடிக்கும்' என்கிறோமே, அங்கே பயங்கரத்துக்கும் பசிக்கும் என்ன உறவோ, அதே உறவுதான் இங்கேயும். 'பேட்லி ஹர்ட்', 'பேட்லி டேமேஜ்ட்' என்று அடி, சேதம் உள்ள இடங்களில் 'கடுமையாக' என்ற பொருள். 'ஹி சிங்ஸ் பேட்லி' என்றால்தான் பழைய பொருள்: மோசமாகப் பாடுகிறான். ஒரே சொல், பக்கத்து வீடு மாறினால் குணம் மாறுகிறது.

சில வினையடைகளுக்கு முன்கோபம் கூட உண்டு. 'அட்டர்லி' என்ற சொல்லை மூத்தவர்கள் எழுதிய ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். பக்கத்தில் 'டெஸ்ட்ராய்', 'ரிஜெக்ட்', 'ஃபெயில்' போன்ற அழிவுச் சொற்கள்தான் பெரும்பாலும் நிற்கும். அதை மொழிபெயர்க்கும்போது எனக்கு முதலில் வரும் சொல் 'அடியோடு'. அதன் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று யோசித்தேன்: அடியோடு அழிந்தது, அடியோடு வெறுத்தான், அடியோடு மறந்தான். 'அடியோடு கட்டினான்', 'அடியோடு வளர்ந்தது' என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு ஜோடி இதைவிட ஆச்சரியம். 'ஐ க்ளீன் ஃபர்காட்' என்று ஓர் ஆங்கிலப் பேச்சு வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சுத்தமாக மறந்துவிட்டேன்'. நாம் தினமும் சொல்வதே அதுதான்! யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கிய மாதிரி தெரியவில்லை. துடைத்துப் போட்டால் எதுவும் மிஞ்சாது என்பது இரண்டு ஊருக்கும் பொது அனுபவம், அவ்வளவுதான்.

அப்புறம் 'லி' விவகாரம். இங்கே என் சொந்தக் கதை ஒன்று. முதல் வேலையை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு விண்ணப்பித்தபோது, நான்கு வருடம் கடுமையாக உழைத்தேன் என்று எழுத ஆசைப்பட்டேன். பெயரடையோடு 'லி' சேர்த்தால் வினையடை என்பது பள்ளியில் படித்த விதி. 'ஹார்ட்' என்றால் கடுமை, ஆகவே 'ஹார்ட்லி' என்றால் கடுமையாக. கணக்குச் சரிதானே? 'ஐ ஹேவ் ஹார்ட்லி வொர்க்ட் ஃபார் ஃபோர் இயர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நேர்காணலில் இருந்த பெரியவர் அதை நிதானமாக ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தம்பி, நாலு வருஷமா வேலையே பாக்கலைன்னு இவ்வளவு தைரியமா யாரும் எழுதிக் கொடுத்ததில்லைப்பா" என்றார். 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை' என்று அன்றுதான் தெரிந்தது. வேலை கிடைத்தது, அது வேறு விஷயம். அந்த ஆபீஸில் இருந்த வரைக்கும் எனக்குப் பெயர் ஹார்ட்லிதான்.

ஏன் இப்படி ஒரு குழி? அது பழைய ஆங்கிலத்தின் மிச்சம். ஆயிரம் வருடத்துக்கு முன்பு அவர்களிடம் வினையடை செய்ய ஓர் எளிய வழி இருந்தது: பெயரடையின் கடைசியில் ஓர் 'எ' ஒலியைச் சேர்ப்பது. இன்னொரு வழி, இன்றைய 'லி'க்கு மூதாதையான விகுதியைச் சேர்ப்பது. காலப்போக்கில் அந்தக் கடைசி 'எ' தேய்ந்து மறைந்துபோனது. அதோடு பெயரடையும் வினையடையும் ஒரே உருவம் ஆகிவிட்டன. 'லி' மற்ற இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனால் அன்றாடம் புழங்கிய சில பழைய சொற்கள் மட்டும் 'லி' இல்லாமலே நிலைத்துவிட்டன: ஹார்ட், ஃபாஸ்ட், லாங், ஹை, டீப். ஆகவே 'வொர்க் ஹார்ட்', 'ரன் ஃபாஸ்ட்'. 'ஃபாஸ்ட்லி' என்ற சொல்லை இன்று யாரும் புழங்குவதில்லை. போதாக்குறைக்கு இந்த 'ஃபாஸ்ட்' தொடக்கத்தில் வேகத்தைக் குறிக்கவில்லை, உறுதியைக் குறித்தது. 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்றால் இறுகப் பிடி. 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அசையாமல் தூங்குவது. வேகமாகத் தூங்குவது எப்படி என்று சின்ன வயதில் மண்டையைக் குடைந்துகொண்டவர்களுக்கு விடை இதுதான்.

சில சொற்களில் 'லி' உள்ளதும் இல்லாததும் இரண்டுமே பிழைத்துக்கொண்டன. அப்போது இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. பெரும்பாலும் கண்ணால் பார்க்கக்கூடிய அளவு 'லி' இல்லாததற்கு, மனசுக்குள் நடப்பது 'லி' உள்ளதற்கு. பறவை பறப்பது 'ஹை', ஒருவரை உயர்வாகப் பேசுவது 'ஸ்பீக் ஹைலி'. மண்ணைத் தோண்டுவது 'டீப்', வருந்துவது 'டீப்லி'. 'கம் க்ளோஸ்' என்றால் பக்கத்தில் வா, 'லுக் க்ளோஸ்லி' என்றால் உன்னிப்பாகப் பார். சில இடங்களில் பாகப்பிரிவினை முடிந்து உறவே அறுந்துவிட்டது: 'லேட்' என்றால் தாமதம், 'லேட்லி' என்றால் அண்மைக்காலமாக. 'ஐ கேம் லேட்லி' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என் இனத்தவர்கள்.

'ஸ்லீப் டைட்', 'சிட் டைட்', 'ஹோல்ட் டைட்' மூன்றும் அச்சில் வார்த்தவை. குழந்தையிடம் 'ஸ்லீப் டைட்லி' என்று சொன்னால், இலக்கணம் தெரிந்த ஒருவர் தாலாட்டைத் திருத்திய மாதிரி இருக்கும்.

எங்கே வைப்பது என்பதும் சேர்க்கையின் பாதி. தமிழில் வினை கடைசியில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு முன்னால் எங்கே வேண்டுமானாலும் வினையடையைச் செருகலாம். 'ரொம்பக் காபி பிடிக்கும்' என்றால் கொஞ்சம் தடுக்கும், ஆனாலும் வண்டி ஓடிவிடும். ஆங்கிலத்தில் வினையும் அதன் செயப்படுபொருளும் ஒட்டிப் பிறந்தவை, நடுவில் ஆள் நுழையக்கூடாது. 'ஐ லைக் வெரி மச் காபி' தவறு. 'ஐ லைக் காபி வெரி மச்' சரி, 'ஐ வெரி மச் லைக் காபி'யும் சரி. ஒரு செயலை எப்படிச் செய்தார் என்று சொல்கிற வினையடை கடைசியில் நிற்கும்: 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி'. எவ்வளவு என்று சொல்வது பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஏறிக்கொள்ளும்: 'ஐ ஃபுல்லி அண்டர்ஸ்டேண்ட்', 'ஐ தரோலி என்ஜாய்ட் இட்'. இடம் மாறினால் பொருளே மாறுவதும் உண்டு. 'ஹி ஃபூலிஷ்லி ஆன்சர்ட்' என்றால் பதில் சொன்னதே முட்டாள்தனம், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். 'ஹி ஆன்சர்ட் ஃபூலிஷ்லி' என்றால் முட்டாள்தனமாகப் பதில் சொன்னான். முதலாமவன் சொன்ன பதில் சரியாகக்கூட இருந்திருக்கலாம்.

இதுவரை சொன்னது நாகரிகமான கடிதப் பாஷை. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வேறொரு வகை வினையடையைத்தான் வாய்க்கு வாய் சொல்கிறார்கள்: அப், டவுன், ஆஃப், ஆன், அவுட், அவே. இவை சின்னச் சொற்கள், 'லி' கிடையாது, வினைக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியை வெளியிட்டபோதே, வெளிநாட்டவர்களுக்கு ஆங்கிலத்தில் இதுதான் பெரிய கஷ்டம் என்று முன்னுரையில் எழுதிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் தமிழர்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருப்பார் என்பது என் கருத்து.

ஏனென்றால் நாம் இதே வேலையைத் துணைவினையால் செய்கிறோம். 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. இந்த 'அப்'பில் மேல் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. நம் 'விடு'வில் எதை விடுகிறோம்? அதுவும் இல்லை. 'டேர்' என்றால் கிழி, 'டேர் அப்' என்றால் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப்போடு. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. 'ரன் அவே' ஓடிப்போ, 'பாஸ் அவே' இறந்துபோ, 'த்ரோ அவே' தூக்கியெறிந்துவிடு. 'டாக் ஆன்' என்றால் பேசிக்கொண்டே இரு. 'ரைட் டவுன்' என்றால் எழுதி வை. வேலை முடிந்ததா, தொடர்கிறதா, கையை விட்டுப் போனதா, பத்திரமாகிவிட்டதா என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வால், நமக்கு ஒரு துணைவினை. எல்லாச் சேர்க்கையும் இப்படி மடங்காது. 'கிவ் அப்' என்பதில் கொடுப்பதும் இல்லை, மேலும் இல்லை, கைவிடுவதுதான் இருக்கிறது. அதைத் தனிச் சொல்லாகவே கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் 'அப்' வந்தாலே முதலில் 'விடு'வைப் போட்டுப் பாருங்கள், நிறையக் கதவு திறக்கும்.

இந்த வால்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 'இட்', 'தெம்' மாதிரிச் சின்னப் பதிலிகள் வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று வராது. சொல்லும்போது அழுத்தமும் வாலில்தான் விழும். அதையே பெயர்ச்சொல்லாக்கினால் அழுத்தம் தலைக்கு ஏறிவிடும். இப்படி உருவான பெயர்கள் நம் வாயில் எவ்வளவு புழங்குகின்றன பாருங்கள்: மேக்கப், செக்கப், லாக்கப், பிரேக்டவுன். பேச்சுத் தமிழில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. 'ஸ்விட்ச் ஆஃப்' என்ற ஜோடியில் வினையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டோம்: 'லைட்டை ஆஃப் பண்ணு.' உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுத்திருக்கிறோம்.

படிவத்தை நிரப்புவது ஒன்றுக்கே ஊருக்கு ஒரு வால். பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்', நம் அலுவலகங்களில் 'ஃபில் அப்'. வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் முதல் இரண்டில் ஒன்றைப் போடுங்கள்.

மனப்பாடமா என்று கேட்டீர்கள். பட்டியல் போட்டுப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிதாக ஒரு வினை கண்ணில் பட்டால் அது யாரோடு வந்தது என்று பார்த்து ஜோடியாகவே குறித்துக்கொள்வேன். 'ரிமெம்பர்' என்று மட்டும் எழுத மாட்டேன். 'விவிட்லி ரிமெம்பர்' என்றால் கண்முன் நிற்கிறது, 'வேக்லி ரிமெம்பர்' என்றால் மங்கலாக, 'டிஸ்டிங்க்ட்லி ரிமெம்பர்' என்றால் 'நீ அன்னைக்குச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்று சண்டைக்கு நிற்கும்போது. 'ரெஃப்யூஸ்' தனியாக வேண்டாம், 'ஃப்ளாட்லி ரெஃப்யூஸ்' என்று எடுங்கள், முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது. 'எஸ்கேப்' என்றால் 'நேரோலி எஸ்கேப்', மயிரிழையில் தப்பியது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்ன ஜோடி என்று கேட்டு எழுதிவைத்தால் மறக்காது. சந்தேகம் வந்தால் கொலோகேஷன் அகராதிகள் இருக்கின்றன. வினையைத் தேடினால் அதோடு சேரும் வினையடைகளை வரிசையாகத் தரும்.

கடைசியாக உங்கள் மெயிலுக்கே வருகிறேன். மேலாளர் 'சின்சியர்லி' போட்டது சரி. அதைவிட முக்கியம், அவர் 'அப்பாலஜைஸ்' மேல் கை வைக்கவில்லை. பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளில் 'வி டீப்லி ரிக்ரெட்' என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். 'அப்பாலஜைஸ்' என்றால் தப்பு எங்களுடையது. 'டீப்லி ரிக்ரெட்' என்றால் நடந்ததற்கு வருந்துகிறோம், யார் தப்பு என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. உங்கள் மேலாளர் வினையை மாற்றாமல் வினையடையை மட்டும் மாற்றியிருக்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.